விட்டுப்போன இரண்டு அடி

நம்பினால் நம்புங்கள். இது நடந்தது. என் கண்ணெதிரே நடந்தது.

பேய் என்றால் நடுராத்திரி, பாழடைந்த வீடு என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இது பட்டப்பகல். அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு கவுண்டி, அதாவது மாவட்டக் கண்காட்சி, ஆகஸ்ட் மாத வெயில். மேடைக்கு எதிரே முந்நூறு பேர் சோள மாவில் பொரித்த சாசேஜைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் மூன்று பேர். பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பது க்ளென். ட்ரம்ஸ் என் அண்ணன் வேட். பேஸ் கிட்டார் நான், டோரீன். சொந்தப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்த ஒரு குழுவின் பாட்டுகளை அச்சு அசலாக வாசிப்பதுதான் பிழைப்பு. குழுவின் பேர் வேண்டாம்.

அவர்களுடைய பெரிய பாட்டு 1974-ல் வந்தது. அந்த ரெக்கார்டில் 2 நிமிஷம் 41-வது நொடியில் ட்ரம்ஸ் இரண்டு அடி விட்டுப்போகும். தப்பா, வேண்டுமென்றே விட்டதா, யாருக்கும் தெரியாது. நாங்கள் அந்தத் தப்பையும் சேர்த்தே வாசிப்போம். ஜனங்கள் அந்த இடத்துக்காகவே காத்திருப்பார்கள்.

அன்று மத்தியானம் 2:10. மேடையில் ஒத்திகை. அந்த இடம் வந்தது. வேட் கையை நிறுத்தினான்.

டக்... டக்... உருண்டு நின்றது.

குச்சி விழுந்த சத்தம். நான் திரும்பினேன். வேட்டின் இரண்டு குச்சியும் அவன் கையிலேயே இருந்தன.

"இன்னைக்கு அந்த ரெண்டு அடிய நான் விடப்போறதில்ல," என்றான் வேட். முகம் வெளுத்திருந்தது. "அந்த இடம் வந்தாலே நெஞ்சும் கூட நிக்குது."

"பர்கர மூணா தின்னா நிக்காம என்ன செய்யும்?" என்றான் க்ளென்.

"விளையாடாதடா. நேரா வாசிச்சுட்டுப் போயிடுறேன்."

"ரெக்கார்டுல இல்லாதத வாசிக்க நீ யாரு? ஜனங்க உன் மூஞ்சியப் பார்க்கவா வர்றாங்க?"

எங்களுக்குள் ஒரு வழக்கம். சண்டை வந்தால் ஓட்டு. இரண்டு பேர் சொன்னால் மூன்றாவது ஆள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

போன வருஷம் ஒரு ஊரில் வேட் அந்த இரண்டு அடியை விடாமல் வாசித்ததற்கு முன்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று கத்தினான். அந்த அவமானம் எனக்கு மறக்கவில்லை.

"ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே போகட்டும்," என்றேன்.

வேட் என்னைத் திட்டவில்லை. "சரிடி," என்றான். அவ்வளவுதான்.

4:40. கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பாட்டைத் தொடங்கினோம்.

2 நிமிஷம் 41.

நிசப்தம். ஒன்று... இரண்டு...

ட்ரம்ஸ் திரும்ப வந்தது. சரியாக வந்தது. வேட் ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை. சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

வேட்டின் நெற்றி சின்ன ட்ரம்மின் மேல் கவிழ்ந்திருந்தது.

கை இரண்டும் தொங்கின. குச்சிகள் தரையில்.

டும்... தட்... டும் டும்... தட்...

அவன் நெற்றிக்குக் கீழே ட்ரம்மின் தோல் அதிர்ந்தது. அவன் முடி குலுங்கியது.



பேஸ் கிட்டாரில் என் விரல்கள் நிற்கவில்லை.

க்ளென் கூட்டத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான்.

மீதிப் பாட்டு ஒரு நிமிஷம்... முப்பத்தொன்பது நொடி...

பாட்டு முடிந்தது. கடைசி அடிகூடப் பிசகவில்லை.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்கப்புறம்தான் நான் கிட்டாரைக் கழற்றினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "முதல் ஒரு நிமிஷத்துல கவனிச்சிருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் அழவில்லை. இன்றுவரை அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்விட்டது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கொன்றது நான்தான் என்று தோன்றுகிறது. தோன்றிவிட்டுப் போகிறது.

நவம்பரில், 1974-ல் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப் ஓட்டிய வெர்னா என்ற அம்மாளைத் தேடிப் பிடித்தேன். எண்பது வயதுக்கு மேல். போனில் கேட்டேன், அந்த இரண்டு அடி ஏன் விட்டுப்போனது என்று.



"ட்ரம்ஸ் வாசிச்சவன் தூக்கத்துல செத்துப்போயிட்டான்னு பேப்பர்ல போட்டாங்க. பொய்ம்மா. அந்த ரெண்டு அடியிலதான் சரிஞ்சான். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாரும் பார்த்துட்டுத்தான் இருந்தோம்."

"அப்ப மீதிப் பாட்டு? வேற ஆள வெச்சு வாசிச்சு ஒட்டினீங்களா?"

"ஒட்டல. ஒரே டேப்பு. அந்த ரூம்ல வேற யாரும் இல்ல."

 எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. "யாரும் உள்ள ஓடலையா?" என்று மட்டும் கேட்டேன்.

அந்தக் கிழவி அழ ஆரம்பித்தாள்.

"நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சும்மா... அதான்... நாங்களும் நிறுத்தல."