சொல்லிக்கொண்டு போகிறவர்

என் அப்பா தவசிக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை வந்த பிறகு, தினமும் காலையில் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார் டாக்டர். அப்பா விடிந்ததும் இறங்கினால் இட்லி ஆறிப்போன பிறகுதான் திரும்புவார். டாக்டர் சொன்னது கால் நடப்பதை. அப்பாவுக்கு வாயும் கூடவே நடக்க வேண்டும்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் ஒன்றும் அதிக தூரமில்லை. ஆனால் அதற்குள் டீக்கடையில் ஒரு நிறுத்தம். தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காக நிற்கும் பெண்களிடம் ஒரு நிறுத்தம். பிறகு கடலை மிட்டாய் போடும் பூவனலிங்கத்திடம் பெரிய நிறுத்தம். "பாகு பதம் சரியா இருக்கான்னு பாருங்க அண்ணாச்சி" என்று அவர் ஒரு துண்டை நீட்டுவார். அப்பாவும் மிகவும் கஷ்டப்பட்டுப் பார்த்துச் சொல்வார். சர்க்கரையைக் குறைக்க நடக்கிற மனிதர் வழியில் இப்படி உதவி செய்துகொண்டிருக்கிறார் என்பது டாக்டருக்கு இன்றுவரை தெரியாது.

"மைதானத்துல போய் நடங்களேன்ப்பா. அங்கன எல்லாரும் நடக்காவல்லா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவனுவ ஒரே எடத்தச் சுத்திச் சுத்தி வாரானுவ. காதுல வேற எதையோ சொருகிக்கிட்டு. நடந்தா ஒரு வீடு வர வேண்டாமாட்டி?"

நடையைப் பற்றி அப்பாவிடம் சட்டதிட்டங்கள் நிறைய உண்டு. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே" என்று கேட்கவே கூடாது. "தூரமா?" என்று கேட்கலாம். என் வீட்டுக்காரர் முத்துசெல்வம் திண்டுக்கல்காரர், விவரம் தெரியாமல் கல்யாணமான புதிதில் "எங்க மாமா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டார். அப்பா திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எழுந்து போனார். என் வீட்டுக்காரர் பழகிக்கொள்ளும் வரை ஒவ்வொரு காலையும் அந்தச் செம்பு நிறைவதும் காலியாவதுமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சொல்லிக்கொள்வது. எந்த வீட்டிலிருந்து இறங்கினாலும் வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்பார். உள்ளேயிருந்து "வாங்க" என்று பதில் வந்தால்தான் காலை எடுத்து வைப்பார். ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரரிடமும் சொல்வார். பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அங்கே "போயொஸ்தா" என்பார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸிடம் "போயிட்டு வாரேன் தாயி" என்று சொல்லி, "இங்கன அப்படிச் சொல்லாதீய தாத்தா" என்று அவள் சிரித்ததும் நடந்திருக்கிறது. நான் போனில் "பை" சொல்லி வைத்தால் அவருக்குப் பொறுக்காது.

"தமிழ்லயும் வாரேன்னுதான் இருக்கு. நாயக்கமாரு பேச்சுலயும் வாரேன்னுதான் இருக்கு. இது என்னட்டி பை? போனாப் போனதுதானா?"

இப்படி ஊருக்கெல்லாம் வாரேன் வாரேன் என்று சொல்லித் திரிந்த மனிதர், இடைசெவலில் வாழ்க்கைப்பட்ட தன் சொந்த அக்கா வீட்டுப் பக்கம் மட்டும் பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தலைவைத்துப் படுக்கவில்லை. அவர் அக்கா, என் அத்தை, கோமதியம்மாள். தாய் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

சண்டைக்குக் காரணம் நான். அத்தை மகன் சண்முகராஜ் எனக்கு முறை மாப்பிள்ளை. நான் பிறந்த அன்றே அத்தை "இவ எனக்கு" என்று சொல்லிவிட்டாளாம். என்னைக் கேட்டபோது வேண்டாம் என்றேன். சின்ன வயதில் கட்டிலில் என் பின்னலைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடியவனை, மீசை முளைத்த ஒரே காரணத்துக்காக மாப்பிள்ளையாக நினைக்க எனக்கு வரவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அப்பா என் பக்கம் நின்றார். "பிள்ளைக்குப் பிடிக்கலைக்கா" என்று அத்தையிடம் போய்ச் சொன்னார். "அப்பம் இனி என் வாசல மிதிக்காத" என்றாள் அவள். இவரும் மிதிக்கவில்லை. அக்கா சொன்ன எதையும் தட்டாத தம்பி, இதையும் தட்டவில்லை. சண்முகம் அத்தானுக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்து, பிள்ளைகளும் வளர்ந்தாயிற்று. எங்கேயாவது பார்த்தால் நானும் அவனும் நன்றாகப் பேசிக்கொள்வோம். நாங்கள் மறந்துபோன சண்டையைக் கிழடுகள் இரண்டும்தான் பொத்திப் பொத்திப் பாதுகாத்தன.

போன ஐப்பசியில், விடாத மழைக்கு நடுவில் சண்முகம் அத்தான் போன் செய்தான். "அப்பா தவறிட்டாவ செல்வி. மாமாகிட்டச் சொல்லிரு."

சொன்னேன்.  உடனே அப்பா, "கோடி எடுக்கணும், கடை தொறந்துருக்குமா?" என்று கேட்டார். புருஷன் இறந்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். அது வராவிட்டால் நாதியில்லாதவள் என்று ஊர் பேசும். நான் நடத்தும் தையல் கடைக்கு எதிரே இருக்கும் துணிக்கடையைத் தட்டித் திறந்து ஒரு சேலை வாங்கிக்கொண்டு நானும் அப்பாவும் பஸ் ஏறினோம்.

அத்தை வீடு ஊரைத் தாண்டி, பருத்திக்காட்டை ஒட்டி இருக்கிறது. மழையில் ஊறிய கரிசல் மண் மனிதரை லேசில் விடாது. ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு கூடை மண் ஏறுகிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். வழியெல்லாம் பேசுகிற அப்பா அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. நின்று நின்று குச்சியால் பாதத்தைச் சுரண்டிவிட்டு நடந்தார்.

அத்தை பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முன்னே பார்த்ததில் பாதிதான் இருந்தாள். அப்பா கோடியைப் பிரித்து அவள் தோளில் போட்டார். அவள் நிமிரவில்லை. சேலை நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். வாசலை மிதிக்காதே என்று சொன்னவள் இப்போது என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்த ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். துஷ்டி வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். போய் வருகிறேன் என்று அங்கே சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். எழுந்து, முகம் பார்க்காமல், அப்படியே நடந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்.

அப்பா வாசற்படியில் இறங்கினார். நின்றார். திரும்பி, உள்ளே இருந்த அத்தையைப் பார்த்து, "போயிட்டு வாரேங்க்கா" என்றார்.

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சுவரோரம் இருந்த ஒரு கிழவிதான் முதலில் வாய் திறந்தாள். "ஏலே தவசி, நல்ல வாயா உனக்கு? எந்த வீட்டுல நின்னு என்ன பேச்சு பேசுத?"

அத்தை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. வாழ்நாள் முழுக்க வாசல் வாசலாகச் சொல்லிப் பழகிய வாய், நேரம் காலம் பார்க்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர், கோவில்பட்டி வரும் வரை திரும்பவே இல்லை.

சரி, போகப் போக மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே சண்முகம் அத்தான் பைக்கில் சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என் நாக்குலதான் சனியன் இருந்திருக்கு தாயி" என்றார்.

"மழையில ரோடு வழுக்கினா வண்டி சறுக்கத்தான் செய்யும். ஒங்க நாக்கு என்னத்தப் பண்ணும்?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் கத்தத்தான் தெரியும். அவருக்கு அது காதில் ஏறவில்லை.

அதோடு நடை நின்றுபோனது. காலையில் எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசல் வரை வருவார், பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். பூவனலிங்கம் இரண்டு முறை வீடு தேடி வந்து விசாரித்தார். ஜானகியம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "ஏமண்டி, உடம்பு முடியலையா?" என்று கேட்டாள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனால் கடையிலிருந்து வாயைத் திறக்காமல் இறங்கி வந்தார்.  காலையில் வீடு அமைதியாக இருக்கிறதே என்று ஒரு காலத்தில் ஏங்கியவள் நான். இப்போது அந்த அமைதியை வைத்துக்கொண்டு தையல் மெஷினை மிதிக்கக்கூட முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் நெருங்கிக்கொண்டிருந்தது. தகப்பனை இழந்த மகனுக்குத் தாய்மாமன்தான் தலைப்பாகை கட்ட வேண்டும். அப்பாவை விட்டால் சண்முகம் அத்தானுக்கு வேறு மாமன் கிடையாது.

"நான் போக மாட்டேன். எனக்குப் பங்காளி மொறையில வேற யாராச்சும் கட்டிவிடட்டும்" என்றார் அப்பா.

"இருக்கது ஒரு அக்கா. இதுக்கும் போகலைன்னா இனி எதுக்குப் போவீய?"

"போயி அவ முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? பத்து வருசம் கழிச்சு வாசல மிதிச்சவன், மிதிச்ச அன்னைக்கே இப்படிச் சொல்லிட்டு வந்தா அவ என்ன நெனப்பா? செத்தாலும் இனி என்னயத் தேட மாட்டா."

அவர் பயந்தது அதற்குத்தான். கை முறிந்ததற்கு அல்ல. கோடியைப் பிடித்துக்கொண்ட அந்த ஒரு கையை நம்பி, அக்கா திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். தன் வாயாலேயே அதைக் கெடுத்துக்கொண்டோம் என்பதுதான் அவரைப் படுக்கவைத்துவிட்டது.

மறுநாள் காலையில் அத்தான் நம்பரிலிருந்து போன் வந்தது. நான் எடுத்தேன். பேசியது அவன் இல்லை.

"ஏட்டி செல்வி, ஒங்கப்பன் இருக்கானா?"

அத்தையின் குரலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது.  ஸ்பீக்கரைப் போட்டு அப்பா பக்கத்தில் வைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏலே, இருக்கியா?"

"இருக்கேங்க்கா" என்றார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தது குரல். "தெரியாமச் சொல்லிட்டேங்க்கா. சண்முகத்துக்குக் கை எப்படி இருக்கு?"

"அவன் போனைப் பாத்துக்கிட்டே வண்டிய ஓட்டியிருக்கான். அந்த மூதேவி வுழுந்ததுக்கு நீ என்ன பண்ணுவ? அதுக்கு நான் போன் போடல." அத்தை நிறுத்தினாள். மூச்சு வாங்குவது கேட்டது. "அன்னைக்கு இந்த வீடு நெறைய சனம் இருந்துச்சு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சி, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாவ. மொறை அதுதான், தப்பில்ல. கண்ண மூடுன ஒங்க அத்தானும் சொல்லாமத்தான் போனாவ. நீ ஒருத்தன்தாம்ல வாரேன்னு சொன்ன."

அப்பா படுக்கையிலிருந்து காலைத் தரையில் ஊன்றினார்.

"அந்த ஒரு சொல்ல வச்சுக்கிட்டுத்தான் நான் இந்த வீட்டுல உக்காந்துருக்கேன். வாசலயே பாத்துக்கிட்டு இருக்கேன். காரியத்துக்கு வாரது கெடக்கட்டும். வாரேன்னு சொல்லிட்டுப் போனியே, ஏம்ல இன்னும் வரல?"

 அப்பா போனைக்கூட எடுக்கவில்லை. எழுந்து, கட்டியிருந்த வேட்டியோடு, சட்டைகூடப் போடாமல் தெருவில் இறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். டாக்டர் வேண்டுமென்று கேட்ட வேகத்தை அன்றுதான் பார்த்தேன். நான் அவர் சட்டையை ஒரு கையிலும், அத்தை இன்னும் பேசிக்கொண்டிருந்த போனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.