கறுப்புத் தாளில் சுற்றிய ரத்தம்

சாம்ராஜ் அண்ணாச்சிக்கு எதுவும் ஒருபக்கமாக இருந்தால் பொறுக்காது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வாங்கி வந்தால்கூட இரண்டு பையாகப் பிரித்து, பைக்கின் இருபுறமும் தொங்கவிட்டுத்தான் வருவார். "ஒரு பழம் மிஞ்சினா என்ன செய்வீங்க, தின்னுருவீங்களா?" என்று கேலி செய்வேன். சிரிக்கவே மாட்டார். "ஆமா" என்பார்.

சங்கரன்கோவிலில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கதவு அவருடைய லேப். கரிவலம்வந்தநல்லூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்து கதவைத் திறப்பார். அங்கே அவரை விட்டால் முக்கியமான ஆள், பச்சைப் பெயின்ட் உரிந்த ஒரு பழைய சுத்துற மெஷின். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை அதன் கப்பில் வைத்து வேகமாகச் சுற்றவிட்டால் சிவப்பு அடியில் இறங்கும். மேலே சீரம் மஞ்சளாய்த் தெளிந்து நிற்கும். சோதிப்பது அந்தச் சீரத்தைத்தான். ஒரே ஒரு குழாய் என்றால் எதிர்க் கப்பில் அதே எடைக்குத் தண்ணீர்க் குழாய் வைப்பார். ஒருபக்கம் கனத்தால் மெஷின் ஆடும். மெஷினோடு பழகி மனிதர் இப்படி ஆனாரா, இவர் இப்படி என்பதால் அது இவரிடம் நிலைத்ததா, எனக்குத் தெரியாது.

ஆடி மாதம் பிறந்ததும் அது நின்றுபோனது. மோட்டாருக்குள் தேய்ந்த கார்பனை மாற்றினார், ஓடியது. ஆனால் மறுநாளிலிருந்து கிடந்து உதறியது. வயசாகிவிட்டது, ஆடித்தபசுத் திருவிழா முடிந்து மெக்கானிக் வரட்டும் என்று மூடிவைத்துவிட்டு, வந்த ரத்தத்தையெல்லாம் வேறு லேபுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆடித்தபசு அன்று காலையில்தான் டாக்டரம்மா என் மகனின் நெஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறந்து மூன்று நாள். அழுத்திய இடம் மஞ்சளாய்த் தெரிந்தது. "எவ்வளவு மஞ்சள்னு ரத்தத்துல பாத்துட்டு வாங்க. கூடுதல்னா உடனே திருநெல்வேலி போயிரணும்." ஊர் முழுக்கத் தலை. வண்டி எதையும் உள்ளே விடவில்லை. மற்ற லேபுகள் பூட்டியிருந்தன. ஆபரேஷன் தையலோடு கிடக்கிற என் மனைவி சண்முகப்ரியாவையும் பிள்ளையையும் அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோவதா வேண்டாமா என்பதை அந்த ஒரு நம்பர்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து லேபுக்குத் தூக்கி வந்த பிள்ளை வீறிட வீறிட அண்ணாச்சி ரத்தம் எடுத்தார். குழாயில் கால் விரற்கடை உயரம்கூட இல்லை. "ஏலே தொரை, ஒன் கடையில கறுப்பு சார்ட்டு பேப்பர் ஒண்ணு கிழிச்சிட்டு வா" என்றார். கொடுத்ததும் குழாயைச் சுற்றி மூடினார். "வெளிச்சம் பட்டா மஞ்சள் அழிஞ்சிரும். நம்பர் குறைச்சலா காட்டும்."

பிறகு மெஷினைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சும்மா சுத்திவிடுங்க அண்ணாச்சி! அது ஆடுனா ஆடிட்டுப் போவுது!"

"ஆடுனா ரத்தம் உடைஞ்சிரும்ல. நம்பர் தப்பா வரும். பிள்ளைய இன்னொருக்க குத்தச் சொல்லுதியா?"

கூட வந்திருந்த என் அக்கா சங்கரம்மாள் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றாள். அண்ணாச்சி மெஷினை நிமிர்த்தி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மெஷின் மட்டமாகத்தான் நின்றது. அடி ரப்பர் நான்கும் நன்றாக இருந்தன. நடுத்தண்டை விரலால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டார். அங்கும் கோளாறு இல்லை. கடைசியில் கப்புகளைக் கழற்றித் தராசில் ஜோடி ஜோடியாக வைத்தார். ஒரு கப் கீழே இறங்கியது. அதன் அடியிலிருந்த ரப்பரை இடுக்கியால் பிடுங்கினார். உள்ளே இறுகிக் கிடந்தது மண்.

இந்த ஊர்க்காரனுக்கு அது என்ன மண் என்று சொல்ல வேண்டியதில்லை. நோய் தீரப் பிரசாதமாய்த் தருகிற கோயில் புற்றுமண்.

அக்காவின் முகம் செத்துப்போனது. "நாந்தான் போட்டேன். மெஷினுக்குச் சொகமில்லன்னு சொன்னியள்லா. நமக்கு வயித்துல கோளாறுன்னா மண்ண மேலயா பூசுதோம்? உள்ளதான போடுதோம்?"

அக்கா சிட்டிகை போட்டால் அரைக் கைப்பிடி இருக்கும். நான் கத்த வாயெடுத்தேன். அண்ணாச்சி கையைக் காட்டி அடக்கினார். மண்ணைச் சிந்தாமல் ஒரு தாளில் தட்டி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "கோயில் மண்ணக் குப்பையிலயா போட முடியும்?" என்றார்.

கப்பைக் கழுவித் துடைத்து மாட்டினார். முதலில் தண்ணீரை மட்டும் வைத்துச் சுற்றினார். மெஷின் மூடியின் மேல் ஒரு டம்ளர் நீர் வைத்தார். அதில் ஓர் அலைகூட எழவில்லை. அதன் பிறகுதான் என் மகனின் ரத்தம் உள்ளே போனது. மெஷின் நின்றதும் விளக்கைத் தணித்துவிட்டுத் தாளை விலக்கிக் காட்டினார். அடியில் சிவப்பு, மேலே தனியாக ஒரு மஞ்சள். என் உடம்புக்குள்ளும் இப்படித்தான் கலந்து ஓடுகிறதா என்று மலைத்துப்போய் நின்றேன். அந்த மஞ்சள் இருக்க வேண்டியதைவிட அடர்த்தி என்று அண்ணாச்சி முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சோதித்து முடித்ததும் சொன்னார். "இருபது. நிக்காத, கெளம்பு."

சண்முகப்ரியாவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். அக்கா முன்னால் நடந்தாள். "பச்சப்புள்ள வருது, வழி விடுங்க மக்கா!" அத்தனை கூட்டமும் எப்படித்தான் ஒதுங்கியதோ, ஊருக்கு வெளியே கார் நின்ற இடம்வரை எங்கள் மேல் ஒரு கை இடிக்கவில்லை.

திருநெல்வேலியில் பிள்ளையின் கண்ணைக் கட்டி, உடுப்பில்லாமல் நீல விளக்குக்கு அடியில் கிடத்தினார்கள். "மருந்து இல்லையா?" என்று கேட்டேன். "வெளிச்சம்தாங்க மருந்து. மஞ்சளை அதுதான் அழிக்கும்" என்றார் நர்ஸ். எந்த வெளிச்சம் பட்டுவிடக் கூடாது என்று அண்ணாச்சி அந்தத் துளி ரத்தத்தைக் கறுப்புத் தாளில் பொத்திவைத்தாரோ, அதே வெளிச்சத்தில் என் பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். அவர் பொத்தியிராவிட்டால் நம்பர் குறைந்திருக்கும். நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போம்.

மஞ்சள் இறங்கி ஊர் திரும்பியதும் அக்கா பிள்ளையை முதலில் லேபுக்குத்தான் தூக்கிப்போனாள். அண்ணாச்சி மேசைக்குள்ளிருந்து புற்றுமண் மடித்த அந்தத் தாளை எடுத்து நீட்டினார். அக்கா கண்கலங்கிப் பிள்ளையின் நெற்றியில் ஒரு கீற்று இட்டாள்.

"மெஷினுக்கும் வைங்க. வெளிய மட்டும்" என்றார் அண்ணாச்சி.

மூடியின் இடப்பக்கம் ஒரு பொட்டு வைத்தாள். அண்ணாச்சி விடவில்லை, வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கேயும் அதே அளவுக்கு வைத்தாள்.