சோகமான ஆல்பம்

இசையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது; தெரியாததால்தான் அந்தக் காலத்தில் அவ்வளவு பேசினேன். இன்று ஊசி போடும் முன் நர்ஸ் தடவிய ஸ்பிரிட்டின் வாசனை, சாலை அகலமானபோது காணாமல் போன ஒக்கலிபுரம் கேசட் கடைக்கு என்னைக் கூட்டிப்போய்விட்டது. டேப் ரெக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சால் துடைக்கும்போது வரும் அதே வாசனை. ரயில் போகும்போதெல்லாம் அலமாரியில் கேசட்டுகள் குளிரில் பல் தந்தியடிப்பதுபோல் கடகடக்க, சாரலுக்கு ஒதுங்கிய அண்ணன்மார் இங்கிலீஷ் ராக் ஆல்பங்களைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். கடைசியில் கடைக்காரர் மகள் ஸ்டெல்லா அக்கா சொல்வதுதான் தீர்ப்பு. அவள் என்னையும் ஒரு ரசிகனாக மதிக்க வேண்டும் என்பதே எட்டாவது படித்த எனக்கு ஒரே லட்சியம்.

அவள் கொடுத்த கேசட்டை வீட்டு டேப்பில் ஒரு வாரம் உருகி உருகிக் கேட்டுவிட்டு வந்து, தொண்டையைச் செருமினேன்.

"என்னா சோகம்க்கா! பாடறவரு தூக்கத்துல அழற மாதிரி இழுத்து இழுத்துப் பாடறாரு. டிரம்ஸ்கூட நொண்டி நொண்டி வருது."

"குரு, பையன் ஃபீல் பண்ணிட்டான்டா!" என்றார் ஓர் அண்ணன், பக்கத்திலிருந்தவரிடம். நான் மிதந்தேன்.

அக்கா அந்தக் கேசட்டைக் கடை டேப்பில் போட்டாள். பாட்டு துள்ளிக் குதித்தது.

"உங்க வூட்டு டேப்ல பெல்ட் லூசு, ஸ்லோவா ஓடுது. மாத்துடா."