பின்னால் வந்த பெட்டி

விளாஸ்தா டிராம் ஓட்டத் தொடங்கியபோது செக் நாட்டு ஒஸ்ட்ராவா நகரில் அவளுடைய தடத்தில் ஒற்றைப் பெட்டிதான் ஓடியது. அவள் கணவன் ரூடா சுரங்கத்தில் இரவு வேலை முடித்து, சுரங்க வாசல் நிறுத்தத்தில் காத்திருப்பான். உணவகத்தில் வாங்கிய ரொட்டியையும் சாஸேஜையும் அவளிடம் ஜன்னல் வழியே நீட்டுவான். வண்டி தன்னைக் கடந்ததும் அதன் பின்பக்கமாகத் தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்குப் போவான். பல வருடப் பழக்கம்.

பிறகு இரண்டு பெட்டிகளைக் கோத்து ஒரே ஓட்டுநரிடம் கொடுத்தார்கள்.

"நாளையிலேர்ந்து ரெண்டு பெட்டி. ரெண்டும் போனப்புறம் தாண்டு" என்றாள் விளாஸ்தா.

"வீட்டுல என்னையும் சேர்த்தா மூணு பெட்டி இழுக்கிற" என்று சிரித்தான் ரூடா.

முதல் சில நாள் நின்று பார்த்துத்தான் கடந்தான். ஒரு மழைக்காலையில், தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்த களைப்போடு வந்தான். அவள் கையசைத்தாள். அவன் கண் முன்பெட்டியோடு போனது. கால் பழையபடி தண்டவாளத்தில் இறங்கிவிட்டது.

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. யாரோ அவசர மணியை அடித்தார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தாள். பின்பெட்டியின் சக்கரத்தருகே கிடந்தவனுடைய கோட்டின் பித்தானை முந்தின நாள்தான் அவள் தைத்திருந்தாள்.

விசாரணையில் அவள்மேல் தவறில்லை என்றார்கள். கிளைத் தடம் ஒன்றில் ஒற்றைப் பெட்டி கொடுத்தார்கள். அதுவும் நின்றுபோனது.

"இனி எல்லாமே ஜோடிதாம்மா. முடியலைன்னா டிக்கெட் கொடுக்கிற வேலை இருக்கு" என்றார் பணிமனைத் தலைவர் ஹ்லவாச்.

"ஓட்டுறேன் ஐயா. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

மறுநாள் இரட்டைப் பெட்டி வண்டியைச் சுரங்க வாசல்வரை ஓட்டினாள். அங்கே கதவுகளை மூடியபின், கால் மிதியை அழுத்த மறுத்தது.

"அக்கா, வண்டி போகுமா, நாங்க இறங்கித் தள்ளணுமா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரிப்பு எழுந்தது.

"வாயை மூடுடா. ரூடாவோட பொண்டாட்டி அது" என்றார் ஒரு தொழிலாளி.

சிரிப்பு அடங்கியது. வெளியே தண்டவாள ஓரத்தில் நின்றவர்களும் அவளைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சுவர்வரை பின்வாங்கினார்கள். பக்கக் கண்ணாடியில் தண்டவாளத்தை ஒட்டி ஆளே இல்லை. அப்போதும் அவள் கால் அசையவில்லை.

கதவைத் திறந்தாள். "மன்னிச்சுக்குங்க. வேற ஓட்டுநர் வரணும்."

கேலி செய்தவன்தான் முதலில் இறங்கி, தொலைபேசியைத் தேடி மழையில் ஓடினான். விளாஸ்தா தன் இருக்கையிலிருந்து எழுந்தாள். முன்வரிசையில் ஒருத்தி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அதன்பின் அவள் எந்த வண்டியையும் ஓட்டவில்லை.