கலுங்கைக் கடக்க ஒரு ஜீப்

முத்துமீனா ஜீப் வாங்கப் போகிறாள் என்றதும் முதலில் சிரித்தவன் அவள் கணவன் தமிழ்மாறன்தான்.

"பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பாக்கப் போற ஆளுக்கு ஜீப்பா? எந்த எஸ்டேட்டுக்கு மொதலாளி ஆகிட்ட நீ?"

"சின்னக் காருன்னா கலுங்குச் சேத்துல மாட்டிக்கிரும் மாமா. ஜீப்புன்னா ஏறிப் போயிரும். ரெண்டு கேனும் ஏத்திக்கிடலாம்."

சொன்னவை எல்லாம் சரியான காரணங்கள். உண்மையான காரணம் மட்டும் அவற்றில் இல்லை.

அழகர்கோவில் மலையடிவாரத்தில் அவர்களுடைய காலனி. பக்கத்துப் பெரிய ஊரில் இருக்கும் பால் சங்கத்துக்கு அவள் செயலாளர். விடிவதற்கு முன்னால் போய்க் கதவு திறந்து, வருகிறவர்களின் பாலை அளந்து, தரம் பார்த்து, கேன்களில் நிரப்பி, ஆறு மணிக்கு வரும் பால் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். வண்டி யாருக்காகவும் நிற்காது. காலனிக்கும் பெரிய ஊருக்கும் நடுவில் கண்மாய்க் கரை, அது முடிகிற இடத்தில் மிகுநீர் வழிந்தோடும் கலுங்கு, அதை ஒட்டி ஒருபுறம் தொடங்கி ஊர் எல்லை வரை மாந்தோப்பு. மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டும் போகலாம். ஆனால் அந்த நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. ஸ்கூட்டரில் சுற்றினாலும் கடைசியில் அதே மாந்தோப்பு வழியாகத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் இருட்டு கலையும் முன், கலுங்குக்கு இந்தப் பக்கம், ஸ்கூட்டர் வெளிச்சத்தில் நான்கு வெள்ளைக் கால்கள் தெரிந்தன. காலுறை போட்டதுபோல முழங்கால் வரை வெள்ளை. அதற்கு மேலே இருந்தது இருட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு இருட்டு தலையைத் திருப்பியது. பிரேக்கைப் பிடித்ததில் சறுக்கி, வண்டிக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டது. காட்டுமாடு ஓடவில்லை, முட்டவும் இல்லை. மெதுவாக அருகில் வந்து, அவள் முகத்துக்கு மேலே குனிந்து, மூச்சு விட்டது. சூடான, புளித்த பச்சிலை வாடையடித்த மூச்சு. பிறகு தோப்புக்குள் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான். கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. அந்த மூச்சு மட்டும் போகவில்லை. கொதிக்கும் பால் சட்டியைத் திறந்தால்கூட ஆவி முகத்தில் பட்டதும் இரண்டு எட்டு பின்னால் போனாள்.

வீட்டில், "ஸ்கூட்டர் வழுக்கிருச்சு" என்றாள். சங்கத்திலும் அதையேதான் சொன்னாள். காலனியிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள். அவள் சேர்ந்த புதிதில் பெரிய தெருவில் இரண்டு வீட்டார் பாலைத் தனியார் வண்டிக்கு ஊற்றினார்கள். அளவில் குறை கண்டு அல்ல. அவர்கள் திரும்பி வர நீண்ட காலமாயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறவள், எனக்கு அந்த வழியில் வரப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆகவே விடிந்த பிறகு வரும் முதல் பஸ்ஸைப் பிடித்துச் சுற்றி வந்தாள். மூன்று தடவை பால் வண்டி வெறுமனே போனது. கறந்த பாலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர்கள் வாசலில் நின்று வைதார்கள். சங்கத் தலைவர் வெள்ளைத்துரை வையவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"ஏம்மா, இன்னொரு நா வண்டி வெறும் வண்டியாப் போச்சுன்னா நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். எம் மருமகன் வீட்ல சும்மாதான் ஒக்காந்திருக்கான். வந்து ஒக்காரச் சொல்லிருவேன். அம்புட்டுத்தான்."

அன்றைக்கே அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள்.

அவனியாபுரத்தில் அழகுராஜாவின் ஒர்க்‌ஷாப். பழைய ஜீப்புகளை வாங்கிச் சரிசெய்து விற்பவன். முப்பது வயது, நெற்றியில் மாட்டுக்கொம்பு கீறிய தழும்பு. அவள் இன்ஜின் பக்கமே போகவில்லை. டயரைப் பார்க்கவில்லை. எத்தனை கைமாறிய வண்டி என்றும் கேட்கவில்லை. கதவுப் பக்கம் போய் விரல் மடக்கித் தட்டினாள். தார்ப்பாய்க் கதவு தொப்பென்றது.

"தம்பி, இதுக்கு இரும்புக் கதவு போட முடியுமா? உள்பக்கம் கொண்டி வச்சு?"

"போட்டுருவோம்க்கா. என்னத்துக்குக் கொண்டி? உள்ள தூங்கப் போறீகளா?"

"காட்டுமாடு முட்டினாத் தாங்குமா?"

அழகுராஜா தழும்பைத் தடவிக்கொண்டான். "வாடிவாசல் மாடு முட்டினா எம்புட்டு வலிக்கும்னு என்னையக் கேளுங்க, சொல்றேன். காட்டுமாடெல்லாம் எனக்குப் பழக்கமில்ல. முன்னாடி கம்பி வச்சு வெல்டிங் அடிச்சுத் தாரேன். அது வந்து முட்டினா அதோட விதி."

அவள் சிரிக்கவில்லை. அவன் முன்சக்கரத்துக்கு அருகே குத்தவைத்து, நடுவில் இருந்த வட்ட மூடியைக் காட்டினான். "இங்க பாருங்கக்கா, இதான் முக்கியம். சேத்துல மாட்டினா மொதல்ல கீழ எறங்கணும். முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும் இந்த மூடியத் திருகி லாக் பண்ணணும். அப்பறம் உள்ள ஏறி இந்தச் சின்ன லீவரப் போடணும். அப்பத்தான் நாலு சக்கரமும் இழுக்கும். திருகாமப் போட்டீகன்னா முன்சக்கரம் சும்மா நிக்கும்."

"கீழ எறங்கணுமா?"

"எறங்காம எப்புடி?"

"மொதல்லயே திருகி வச்சுக்கிட்டா?"

"வச்சுக்கிடலாம். டீசல் கொஞ்சம் சேத்துக் குடிக்கும். ஸ்டியரிங் கனக்கும்."

"குடிக்கட்டும்," என்றாள்.

வீட்டு வாசலில் நிறுத்தி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டிய கையோடு இரண்டு மூடிகளையும் திருகி இறுக்கினாள். அதன் பிறகு அவற்றைத் தளர்த்தவேயில்லை. ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

இரும்புக்குள் உட்கார்ந்துவிட்டால் பயம் வெளியே நின்றுவிடும் என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். அதைத் தவறு என்று சொல்லலாம். ஆனால் வீட்டுக்குக் கதவு வைக்கிற எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான் எண்ணுகிறார்கள். கொண்டியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோப்பின் பக்கம் கண்ணைத் திருப்பாமல் போய் வந்தாள். கரையிலிருந்து ஊர் எல்லை வரை ஒரு நாள்கூட மண்ணில் கால் வைக்கவில்லை. வழியில் ஒரு தரம் முறிந்த கிளை கிடந்தது. இறங்கி இழுத்துப் போடாமல் அதன் மேலேயே ஏற்றினாள். அன்று வீடு வந்ததும் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் சங்கக் கதவு நேரத்துக்குத் திறந்தது. பால் வண்டி நிறைந்து போனது.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழை. கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் வழியத் தொடங்கியது. கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை முத்துமீனா கோச்சடையில் ஒரு காதுகுத்துக்குப் பஸ்ஸில் போயிருந்தாள். கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்க்கும் தமிழ்மாறனுக்கு அன்று இரவு ஷிப்ட். அதற்கு முன்னால், பெண்டாட்டிக்கு ஓர் உதவி செய்வோம் என்று ஜீப்பைக் கழுவினான். முன்சக்கரத்து மூடிகள் இறுகி இருப்பதைப் பார்த்தான். டீசல் ஏன் அப்படிக் குடிக்கிறது என்று அவனுக்கு அப்போது விளங்கிவிட்டது. மறந்து விட்டிருக்கிறாள் என்று எண்ணி, இரண்டையும் திருகித் தளர்த்திவிட்டான். மகிழ்ச்சியாகத்தான் வேலைக்குப் போனான்.

மறுநாள் விடியுமுன் பனி இறங்கியிருந்தது. கலுங்கு நடுவில் ஜீப் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. முத்துமீனா சின்ன லீவரைத் தள்ளினாள். பின்சக்கரங்கள் உறுமின, சேற்றை வாரி இறைத்தன, குழி தோண்டின. முன்சக்கரங்கள் அசையவில்லை. இன்னொரு முறை மிதித்தாள். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

தமிழ்மாறனுக்குப் போன் அடித்தாள். அணைத்து வைத்திருந்தது. கம்பெனிக்குள் போன் எடுத்துப் போக விடமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே, விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில், தோப்பு ஓரம் ஏதோ அசைந்தது. பனியா, கிளையா என்று பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. கொண்டியைத் தொட்டுப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது.

அழகுராஜா தூக்கக் கலக்கத்தோடு எடுத்தான். "அக்கா? வண்டி நின்னுருச்சா?"

"முன்சக்கரம் சுத்த மாட்டேங்குது தம்பி."

"மூடியத் திருகுனீகளா?"

"வாங்குன அன்னைக்கே திருகித்தான வச்சிருந்தேன்."

"அப்ப யாரோ தளத்தியிருக்காக. எறங்கித் திருகுங்க, ரெண்டு நிமிச வேலை."

அவள் கொண்டியை மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீகளா?"

"எறங்க முடியாது."

"ஏன்? அடிகிடி பட்டிருச்சா?"

"பயமா இருக்கு," என்றாள். ஆவணி முதல் யாரிடமும் சொல்லாத சொல். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை பார்த்த ஒருவனிடம் போனில் சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டான் போல.

"மாடு நிக்குதா?"

"நிக்குற மாதிரி இருக்கு."

"இருங்க, நான் கெளம்பி வாரேன்."

"நீங்க வாரதுக்குள்ள பால் வண்டி போயிரும் தம்பி. இன்னைக்குப் போச்சுன்னா என் வேலையும் சேந்து போயிரும்."

"அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதுக்கா. நம்ம மாடு வேற, அது வேற. பொய் சொல்ல மாட்டேன்." கட்டிலிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. "ஒன்னு செய்யுங்க. போனை வைக்காதீக. ஸ்பீக்கர்ல போட்டு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

"என்ன பேசுவீக?"

"எதையாச்சும் பேசுவேன். எம் பொண்டாட்டி நேத்து வச்ச மீன் கொழம்பப் பத்திப் பேசுவேன். அதக் கேட்டா எந்த மாடும் ஓடிரும்."

அவள் கொண்டியை நீக்கினாள். கதவு திறந்ததும் குளிர் உள்ளே வந்தது. காலை இறக்கினாள். சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியது. நெஞ்சுக்கருகில் அழகுராஜாவின் குரல் புளி கூடிப்போனதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்து மூடி எளிதாகத் திரும்பியது.

மற்றது தோப்புப் பக்கம். வண்டிக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தைக் கடந்து போக வேண்டும். போனாள். நான்கு எட்டுக்கு மேல் இருக்காது. போய்க் குனிந்தபோது கேட்டது: புஸ் என்று நீளமாக விட்ட மூச்சு. பச்சிலை வாடை. நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓரக்கண்ணில் வெள்ளைக் கால்கள், அவற்றுக்குப் பின்னால் சின்னதாக இன்னும் நான்கு. மூடியைச் சேறு அப்பியிருந்தது. கை வழுக்கியது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, அழுகையா சாமி பேரா என்று அவளுக்கே தெரியாது. "என்னக்கா, திரும்புதா?" என்றது நெஞ்சு. மறுபடி திருகினாள். டக்.

இதைத் துணிச்சல் என்று சொல்லிவிட அவசரம் வேண்டாம். ஏறிக் கதவைச் சாத்தியபோது அவளுக்குக் கொண்டி போட விரல் ஒத்துழைக்கவில்லை. சேலை நனைந்திருந்தது, அது சேற்றால் மட்டும் இல்லை. பயம் அப்படியேதான் இருந்தது. அதோடு சேர்ந்து மூடியும் திரும்பியிருந்தது.

நான்கு சக்கரமும் இழுத்தன. மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது பனி மட்டும் இருந்தது.

சங்கத்து வாசலில் தூக்குகளோடு கூட்டம். பால் வண்டி வெறுமனே கிளம்பி, சங்கத்துச் சந்தின் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. முத்துமீனா ஜீப்பைச் சந்தின் வாயில் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"ஏய், வழிய விடு!" என்று டிரைவர் கத்தினான்.

"விடுறேன். பால் ஏத்தினதும் விடுறேன்."

வெள்ளைத்துரை அவள் காலைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். "என்னம்மா கோலம் இது?"

"கலுங்குல எறங்க வேண்டியதாப் போச்சு தலைவரே. காட்டுமாடு நின்னுச்சு. பயந்துட்டேன்."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டிரைவரிடம், "ஏப்பா, அணைச்சுப் போடு. எங்க பறக்கப் போற?" என்றார். அவளைப் பாராட்டவில்லை. மருமகனைப் பற்றியும் பேசவில்லை. அவள் கதவைத் திறந்து முதல் தூக்கை வாங்கினாள். பால்மானியை அமிழ்த்தியபோது அது அவள் கை நடுக்கத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. நிற்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

தமிழ்மாறன் வேலை முடிந்து வந்தபோது ஜீப் முன்னால் குத்தவைத்திருந்தாள்.

"என்ன மீனா, பஞ்சரா?"

"இத இனிமேத் தளத்தாதீக மாமா."

"டீசல் குடிக்குதேன்னுதான்…"

"எனக்கு அங்க எறங்கப் பயம்." ஆவணியில் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று பார்த்தாள். அவன் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, மற்ற மூடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தான்.

இப்போதும் அவள் அந்த வழியாகத்தான் போகிறாள். கலுங்குக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கொண்டியை நீக்கி இறங்கி, இரண்டு மூடிகளையும் கையால் ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறுகிறாள். வீட்டிலேயே பார்த்ததுதான். இருந்தாலும் இறங்குகிறாள். தோப்புப் பக்கத்து மூடிக்குப் போகும்போது முதுகு சில்லென்று ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் போன் அடித்தால் அழகுராஜா எடுப்பான். அவள் அடிப்பதில்லை.