ஐரிஸ் வீட்டுக் கிணறும் நாலு படிப்பும்

அரியாலையில் கடலேரிப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு இருக்கிறது. அது ஐரிஸின் வேலியோடு ஒட்டினாற்போல இருப்பதால், கிணற்றைத் தேடி வருகிற எவரும் முதலில் அவளுடைய படலையைத்தான் தட்டுவார்கள். தட்டாவிட்டாலும் அவளே எட்டிப் பார்த்துவிடுவாள். வந்தது யார், எதற்கு வந்தார் என்று தெரியாமல் ஐரிஸுக்குச் சோறு இறங்காது.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டவள். வீட்டு நிலைமை தையல் மெசினில் கொண்டுபோய் இருத்திவிட்டது. நாற்பத்திரண்டு வயதாகியும் கேள்வி கேட்கிற குணம் மட்டும் போகவில்லை. இப்படிப்பட்டவளின் வேலியோரத்துக்கு இரண்டு வருடத்துக்குள் நாலு ஆராய்ச்சிக்காரர் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்! கரும்பு தின்னக் கூலியா என்பார்களே, அதுதான்.

முதலில் வந்த பெடியன் கிணற்றுக்குள் வலையை இறக்கி நுளம்புக் குடம்பி, அதுதான் கொசுப்புழு, தேடினான். இவ்வளவு ஆழத்தில் அது எதைத் தின்று பிழைக்கிறது என்று ஐரிஸ் கேட்டாள். அதுவரை அவனிடம் யாருமே அப்படிக் கேட்டதில்லை போலும், தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்து வந்தவன் சட்டம் படிக்கிறவன். பழைய காணி உறுதிகளில் எழுதியிருக்கும் கிணற்றுப் பங்குகளைப் பற்றி ஆராய்ந்தான். கனடாவில் இருக்கிறவருக்கு அரைக்கால் பங்கு இருந்தால், அவர் அள்ளாத தண்ணீரை யார் அள்ளலாம் என்பது அவனுடைய கவலை. கடைசிவரை கிணற்றுக்குள் அவன் ஒருதரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஐரிஸ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாவதாக வந்தவள் நிரோஜா, பொறியியல் படிப்பவள். கிணற்றுத் தண்ணீர் குடிக்க உகந்ததா என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. நாலாவது ஆள் டொக்டர் பிரசாந்தி. சிறுபிள்ளைகளுக்கு வருகிற வயிற்று வருத்தங்களைப் பற்றி மேல்படிப்புக்காக வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தார்.

ஐரிஸின் கணவன் செல்வத்துரை இரும்புக்கடையில் வேலை செய்கிறவர். குருடர் யானை பார்த்த கதைதான் என்று ஒரே பேச்சில் நாலு பேரையும் தள்ளிவிட்டார். ஐரிஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே தண்ணீருக்குள் நுளம்பும் சட்டமும் வருத்தமும் இருக்கிறதென்றால் இன்னும் என்னவெல்லாம் இருக்குமோ என்று தையல் மெசினை மிதித்தபடியே யோசித்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒரே மகள், ஜெசிதா. ஏழு வயது. அந்த வருடம் பிள்ளை வயிற்றோட்டத்தால் துவண்டு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பள்ளிக்கூட வாசலில் மாங்காய் வெட்டி விற்கிறவர்தான் காரணம் என்று ஐரிஸ் முடிவுகட்டி, அவரோடு வாய்த்தர்க்கப்பட்டு, அந்த மனுசனை அடுத்த சந்திக்குத் துரத்தியும் விட்டாள். கிணற்றை அவள் சந்தேகிக்கவே இல்லை. சந்தேகிக்க என்ன இருக்கிறது? குடிக்க உகந்த தண்ணீர் என்று நிரோஜாவின் முடிவு வந்திருந்ததே. குழாய்த் தண்ணீர்த் திட்டத்தில் கெட்ட கிணறு உள்ள ஒழுங்கைகளுக்கே முதலிடம் என்றார்கள். இவர்களுடைய ஒழுங்கை பின்னுக்குப் போனது. அதற்காக ஒருவரும் அழவில்லை. எங்கள் கிணறு பாஸ் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள்.

மாரி முடிந்த பிறகு ஒருநாள் நிரோஜா மறுபடி போத்தல்களோடு வந்தாள். அதே நேரத்தில் டொக்டர் பிரசாந்தியும் விறாந்தையில் இருந்தார். டொக்டரிடம் ஒரு வரைபடம் இருந்தது. வருத்தம் வந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். இந்த ஒழுங்கை அம்மை போட்ட முகம்போல இருந்தது. தண்ணீரில்தான் பிழை என்று தன் கணக்குச் சொல்கிறது என்றார் டொக்டர். தன் பரிசோதனையில் ஒரு கிருமிகூட இல்லை என்றாள் நிரோஜா. மற்றவர்தான் பிழைவிட்டிருக்கிறார் என்ற நிச்சயத்தோடு இருவரும் வெகு மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டார்கள்.

ஐரிஸுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கிருமியை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டாள். நிரோஜா பொறுமையாகச் சொன்னாள். தண்ணீரில் உயிரோடு இருக்கிற கிருமியைத் தட்டில் வளர விட்டு, முளைக்கிற பொட்டுகளை எண்ணுவதுதான் முறை. உயிரோடு இருந்தால்தான் முளைக்கும்.

"அப்ப கொதிக்க வைச்சால்?" என்று கேட்டாள் ஐரிஸ்.

"செத்துப்போயிடும் அக்கா. பிறகு ஒண்டும் முளைக்காது."

ஐரிஸ் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி இல்லாமல் அவள் இருந்ததைக் கண்டு பக்கத்தில் இருந்த செல்வத்துரைகூடப் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார்.

நடந்தது இதுதான். யாரும் அள்ளுமுன் விடிகாலையில் எடுத்த தண்ணீர்தான் வேண்டும் என்று நிரோஜா முதல் தடவை கேட்டிருந்தாள். பருத்தித்துறையிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினாலும் அந்த நேரத்துக்கு அவளால் வந்துசேர முடியாது. ஆகவே முதல்நாளே போத்தலை ஐரிஸிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஐரிஸும் சொன்னபடியே விடிய எழும்பி முதல் வாளியை அள்ளினாள். ஆனால் படித்த பிள்ளை, அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற பிள்ளை, அதன் கையில் பச்சைத்தண்ணீரைக் கொடுப்பதா? வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொதித்தாறின தண்ணீர்தான் கொடுப்பது அந்த ஒழுங்கையின் வழக்கம். ஐரிஸும் கேத்தலில் கொதிக்க வைத்து, வெள்ளைச் சீலையால் வடித்து, ஆற வைத்துத்தான் போத்தலை நிரப்பினாள். சோதனை எழுதப் போகிற பிள்ளைக்குத் தலை வாரி இழுத்து விடுகிற மாதிரி.

செல்வத்துரைக்கும் அது தெரியும். கண்ணால் சாடை காட்டி அவளை அடக்கப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும், கிணற்றின் பெயர் கெடும், அந்தப் பெட்டையின் படிப்பும் குழம்பும். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் ஐரிஸின் கண் அந்தச் சிவப்புப் புள்ளிகளில் தன் வீட்டுப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது.

"நான் கொதிக்க வைச்சுத்தான் தந்தனான், பிள்ளை" என்றாள்.

நிரோஜாவின் முகம் வெளிறிவிட்டது. பாவம், அவள் கோபிக்கவும் இல்லை. அதே மாதிரிப் போத்தல் கொடுத்துவிட்டிருந்த மற்றக் கிணற்றுக்காரர்களிடமும் போய்க் கேட்டாள். பாதிக்கு மேற்பட்டோர் அதையேதான் செய்திருந்தார்கள். ஒரு வீட்டில் சீரகம் போட்டு அவித்தே கொடுத்திருந்தார்களாம். அந்தப் போத்தலின் மஞ்சள் நிறத்துக்கு நிலத்தடிப் பாறையில் காரணம் தேடி அவள் ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தாள்.

இந்த முறை நிரோஜா முதல்நாளே வந்து ஐரிஸ் வீட்டில் தங்கினாள். விடிய எழும்பித் தானே வாளியை இறக்கினாள். பக்கத்தில் நின்ற ஐரிஸுக்கு, பச்சைத்தண்ணீர் நேரே போத்தலுக்குள் போவதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

முடிவு வந்தது. கிணறு பெயில். ஒழுங்கையின் பெயர் குழாய்த் திட்டத்தில் முன்னுக்கு வந்தது. ஆனாலும் குழாய் வர ஒரு வருடமாவது செல்லும் என்றார்கள். அயலவர்கள் ஐரிஸைத் திட்டுவதா, வாழ்த்துவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள். நிரோஜா தன் பிழையை மறைக்காமல் ஆய்வில் ஒரு தனி அத்தியாயமாகவே எழுதினாள். செல்வத்துரை மாங்காய்க்காரரைத் தேடிப் போய்ச் சமாதானம் பேசினார். ஐரிஸுக்கு அந்த மாங்காய்க்காரரின் முகத்தில் முழிக்கத் துணிவில்லை.

முடிவு வந்த அன்று பின்னேரம் ஜெசிதா விளையாடிக் களைத்து ஓடிவந்து தண்ணீர் கேட்டாள். ஐரிஸ் கொதித்தாறின தண்ணீரைக் கண்ணாடிக் கிளாஸில் வார்த்து நீட்டினாள். பிள்ளை வாங்காமல் கிளாஸையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தது.

"இது வாற ஆக்களுக்கு எல்லோ, அம்மா?"

ஐரிஸ் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள்.