புகைப்புரையில் ஐந்து பேர்

போன வியாழக்கிழமை என் அண்ணன் ஐந்து பேரைப் புகை போட்டுவிட்டான்.

பதற வேண்டாம். ஐந்து பேரும் நலம். அதில் ஒருத்திதான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னொருவர் மறுநாள் காலை என் வாசலுக்கு வந்து சாளை மீன் விற்றார். புகைபட்டது எங்கள் படங்கள். வாட்டர்கலரில் வரைந்த படங்கள். வரைந்தவர் அண்ணனின் மனைவி, என் ஷீலா மைனி.

அண்ணனை 'அவன்' என்றும் மைனியை 'அவர்' என்றும் எழுதுகிறேனே என்று யாராவது கேட்கலாம். முழுதும் படித்துவிட்டுக் கேளுங்கள்!

மைனிக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் வேலை. அவர்கள் ஊரான கொல்லயிலிலிருந்து ஸ்கூட்டரில் பாறசாலை ஸ்டேஷன், அங்கிருந்து காலை ரயில். தினமும் அதே பெட்டி, அதே ஆட்கள். ஒருநாள் பையிலிருந்து சின்ன பெயின்ட் பெட்டியை எடுத்து, எதிரே இருந்தவர்களை வரைய ஆரம்பித்தார். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். வரைந்ததை எனக்குக் காட்டினார். பார்த்தால்... கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. சாய்ந்த ஒரு நீலம், அதன் மேல் கவிழ்ந்த ஒரு பழுப்பு.

"மைனி, மூஞ்சி எங்க?" என்று கேட்டேன்.

"ரயில்ல ஆருக்கு மூஞ்சி உண்டு மக்கா? எல்லாரும் போனைப் பாத்துல்லா குனிஞ்சு இருக்காவ. எனக்குக் களுத்தும் தோளும்தான் தெரியும். அதை வச்சே ஆளு ஆருன்னு சொல்லிருவேன்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதானே? தெருமுனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது நம் வீட்டு ஆள் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? முகத்தைப் பார்த்தா?

அப்புறம் என்னையும் வரைந்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய தீற்று, முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அவ்வளவுதான். எனக்குக் கோபம். என் கணவர் எட்டிப் பார்த்தார். "அட, சண்டைக்குப் போறப்ப நீ இப்படித்தான் நிப்பே" என்றார். அவரோடு அன்று முழுவதும் பேசவில்லை. படத்துக்கு அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் வேண்டுமா?

அண்ணன் மட்டும் பிடிகொடுக்கவே இல்லை. மைனி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். அவன் சொன்ன பதில் ஒன்றுதான். "படமா செவத்தில ஏறுதது செத்த பெறவு போதும். இப்ப என்ன அவசரம்?"

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் சுவரில் ஃப்ரேம் போட்டு, கீழே குட்டி சிவப்பு பல்பு எரிகிற முகங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தவர்களுடையவை. உயிரோடு இருப்பவர்களுக்கு ஃப்ளெக்ஸ். பாறசாலை ஜங்ஷனில் நின்று பாருங்கள். பரீட்சையில் ஜெயித்த பெண், எலெக்ஷனில் நிற்கிற மாமா, எல்லோருக்கும் பவுடர் கொட்டிய மாதிரி ஒரே வெளுப்பு. கம்ப்யூட்டரில் வெளுத்துத் தருவார்கள். மீன்காரி மேரி அக்காவும் மைனியிடம் அப்படித்தான் கேட்டார். "மோளே, எனக்க படத்தை ஃப்ளெக்ஸ் மாதிரி வெளுப்பா வரச்சுத் தரணும், கேட்டியா?"

மைனி தலையாட்டிவிட்டு, தன் இஷ்டத்துக்கு வரைந்துவைத்தார்.

இந்தப் படங்கள் வீட்டைத் தாண்டியது கிடையாது. அப்படியிருக்க, ஊர் வாசகசாலையின் செயலாளர் விஜயன் சார் ஒருநாள் மைனியிடம் கேட்டார். வாசகசாலை ஆண்டுவிழா ஞாயிற்றுக்கிழமை. ஒரு சுவர் முழுக்கத் தருகிறேன், படங்களை மாட்டுகிறாயா? (ஐவரில் நானும் மேரி அக்காவும் போக, ரயில் ஆட்கள் இரண்டு பேர்; ஐந்தாமவர் இவர். சாம்பல் நிறத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, கீழே வேட்டிக்கு வெள்ளை.) மைனி பல நாள் யோசித்துச் சம்மதித்தார். சம்மதித்த கையோடு என்னிடம் சொன்னார்:

"இது ஒரு தடவை பாப்பேன். சரியா வரல்லேன்னா பிரஷை டின்னில போட்டு மூடிருவேன். பெறவு நீ ஒண்ணும் சொல்லப்பிடாது."

சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர். டெய்லரிங் படித்தார், பாதியில் விட்டார். டான்ஸ், கல்யாணத்தோடு போயிற்று. விட்டதை மறுபடி தொட்டதே இல்லை. எனக்கு உள்ளூர பயம்தான்.

இந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. இடவப்பாதி என்கிற ஜூன் மாதத்து மழை பிடித்தால் எங்கள் ஊரில் துவைத்த சட்டையே காயாது, பேப்பர் எங்கே காயும்? வியாழக்கிழமை காலை ஐந்து படங்களையும் ஹாலில் ஈரத்தோடு பரப்பிவைத்துவிட்டு மைனி ரயிலுக்குப் போனார்.

அண்ணனுக்கு ரப்பர் விவசாயம். மழையானால் பால்வெட்டு கிடையாது, வீட்டில்தான் இருப்பான். படங்களைத் தொட்டுப் பார்த்தான். நசநசவென்று இருக்கிறது. ஓரத்தில் பூசணம் வேறு வருகிற மாதிரி இருக்கிறது. பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வாள்? பாசம் பொங்கிவிட்டது அவனுக்கு!

ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடித்து, அதைக் காயவைக்க எங்களிடம் புகைப்புரை என்று ஒரு சின்னக் கட்டடம் உண்டு. மேலே மூங்கில் கம்புகளில் ஷீட்டுகள் தொங்கும். கீழே தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் புகையும். எந்த மழையிலும் அங்கே காயாதது எதுவும் இல்லை. அண்ணன் ஐந்து படங்களையும் துணிக் கிளிப் போட்டு அந்தக் கம்புகளில் தொங்கவிட்டான். அதோடு விட்டானா? அலமாரியில் இருந்த வெள்ளைப் பேப்பர் கட்டும் ஈரம் இழுத்திருக்கிறதே என்று அதையும் பிரித்துத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

சாயங்காலம் நான் அங்கேதான் இருந்தேன். மைனி நனைந்த குடையோடு படியேறினார். அண்ணன் இரண்டு கையிலும் படங்களை ஏந்திக்கொண்டு எதிரே வந்தான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஷீலா, இஞ்ச பாரு. எல்லாம் அப்பளம் கணக்கா காஞ்சு கிடக்கு!"

"எங்க போட்டுக் காய வச்சீங்க?"

"புகைப்புரையில. பின்ன, இந்த மழையில வேற எங்க காயும்?"

மைனி ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெள்ளையாக இருந்த இடமெல்லாம் தேன் நிறம். விஜயன் சாரின் வேட்டி சாயத்தண்ணீரில் முக்கியதுபோல் இருந்தது. மேரி அக்காவின் தோளில் கூரையிலிருந்து சொட்டிய கரி, கறுப்பாக ஓடியிருந்தது. வாட்டர்கலரில் வெள்ளை பெயின்ட் அடிக்க மாட்டார்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தில் பேப்பரைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். அந்தப் பேப்பரே போய்விட்டால்?

"மைனி, ஏதாவது சொல்லுங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்ல மக்கா. காஞ்சிருக்கு."

படங்களை மேஜையில் குப்புற வைத்தார். பிரஷ்களைக் கழுவினார். துணியால் துடைத்தார். பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடியை அழுத்தினார். அந்தச் சத்தத்தில்தான் அண்ணனுக்கு விஷயமே புரிந்தது. அவன் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு அவனைத் திட்டவும் வாய் வரவில்லை, அவ்வளவு பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் போனில் யோசனைகளாக அள்ளி வீசினேன். மொபைலில் போட்டோ இருக்கிறதே, பிரிண்ட் எடுத்து மாட்டலாமே?

"பிரிண்ட் எடுத்தா அது ஃப்ளெக்ஸாக்கும். வேண்டாம். நான் வரல்லேன்னு விஜயன் சார்ட்ட சொல்லிரு."

நான் சொல்லவில்லை. சொல்வேனா?

சனிக்கிழமை கடைக்கு லீவு போட்டிருந்தார் மைனி. விழாவுக்காக முன்பே எழுதிக்கொடுத்த லீவு. சமாதானம் பேசலாம் என்று போனேன். வெளியே மழை கொட்டுகிறது. மைனி பலாச் சக்கைக்கொட்டை தோலுரித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக வீட்டில் பேச்சே இல்லை போல. அண்ணன் உள்ளே வந்தான். பால்வெட்டுக்குப் போடுகிற கறைச்சட்டை. ஒரு ஸ்டூலை இழுத்து மைனிக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தான்.

"படம் வர" என்றான்.

"என்னத்த?"

"என்னெயாக்கும். வேற ஆரு இருக்கா இங்க?"

என் அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே வராது. சுவரில் படமாக ஏறினால் ஆயுள் போய்விடும் என்று மனதுக்குள் நிஜமாகவே பயப்படுகிறவன், அந்தப் பயத்தையும் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். நேராக, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்வதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டு!

மைனி கொட்டைத் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"பேப்பர் இல்ல. உள்ளதெல்லாம் புகை பிடிச்சுப் போச்சு."

"அதில வர. நான் மட்டும் என்ன வெளுப்பா?"

மைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. டின்னைத் திறந்தார்.

நான் மூச்சுக் காட்டாமல் ஓரமாக உட்கார்ந்தேன். புகைப் பேப்பரில் தண்ணீர் தடவினார். கரும்பச்சையை ஒரு தோளாக இழுத்தார், அது ஈரத்தில் தானாகப் பரவியது. கழுத்துக்குக் கொஞ்சம் செம்மண் நிறம். பிறகு நெற்றிக்கு வந்தார். பிரஷ் அப்படியே நின்றுவிட்டது. அங்கே அவர் எதையும் வைக்கவில்லை. வைக்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பேப்பரின் நிறம்தான் அண்ணனின் நெற்றி. இத்தனை வருஷமாக வெயிலும் புகையும் சேர்ந்து செய்த நிறம்.

"எட்டி, இஞ்ச வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். குரலே மாறிவிட்டது. "வெள்ளப் பேப்பரில இது எனக்குக் கிட்டியிருக்காது."

பிறகு எழுந்து போய், குப்புறக் கிடந்த ஐந்து படங்களையும் திருப்பினார். முதலில் பார்த்த அதே படங்கள்தான். இப்போது அவற்றைப் பார்த்த விதம் வேறு. மேரி அக்காவின் தோளில் ஓடிய கரியை ஈர பிரஷால் மெல்ல இழுத்துவிட்டார். அது தலையிலிருக்கிற மீன் பாத்திரத்திலிருந்து வடிகிற தண்ணீராகிவிட்டது.

ஸ்டூலில் இருந்தவன் பொறுமையிழந்து கேட்டான். "முடிஞ்சா? நான் மூச்சு விடலாமா?"

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைச் சுவரில் கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டு ஆறு படங்கள் தொங்கின. கீழே பெயர் எழுதக் கூடாது என்பது மைனியின் கண்டிஷன். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் முதலில் மூக்கைத்தான் சுருக்கினார்கள்.

"என்னெலே இது, வாயனசாலைக்குள்ள ரப்பர் ஷீட்டு வாசம்?"

மைனி ஜன்னலோரம், தப்பித்து ஓட வசதியான இடமாகப் பார்த்து நின்றார். விஜயன் சார் தன் அழுக்கு வேட்டியைப் பார்த்து முதலில் திகைத்து, பிறகு தலையாட்டிக்கொண்டார். எனக்குப் பயம் மேரி அக்காவை நினைத்துத்தான். வெளுப்பாகக் கேட்டவர். சபையில் கத்திவிட்டால்?

மேரி அக்கா ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தோளில் கரி ஓடிய நீலப் படத்தின் முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். கை தானாகப் போய்த் தன் கழுத்தின் வலதுபக்கத்தைத் தடவியது.

"இது எனக்க களுத்தாக்கும்" என்றார் மெதுவாக. "பாத்திரம் வச்சு வச்சு இந்தப் பக்கம் சரிஞ்சு போச்சு. வீட்டில ஒருத்தனும் கண்டதில்ல. மோளே... நீ கண்டியா?"

மைனி நடந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆரஞ்சுத் தீற்றுக்கு அழுகை வராது என்று யார் சொன்னது?

நம் முகத்தை நாமே தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம். போனில் எடுத்து வெளுத்தும் பார்க்கிறோம். நம்முடைய கழுத்து எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று நமக்காக யாராவது பார்த்துவைத்திருந்தால், அது எவ்வளவு பெரிய விஷயம்!

மழைக்காலம் முடியும்வரை சுவர் ஷீலாவுக்குத்தான் என்று விஜயன் சார் அறிவித்தார். அண்ணன் வாசல்படியைத் தாண்டவே இல்லை. நான்தான் பிடித்து இழுத்துவந்தேன். தன் படத்தின் முன்னால் அரைக்கண்ணைத் திறந்து நின்றான். பச்சைத் தோள், செம்மண் கழுத்து, புகை நெற்றி.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றான் ஒரு பெரிய மூச்சு விட்டு. "செத்த ஆளு மாதிரி இல்ல."

நேற்று கொல்லயில் பக்கம் போயிருந்தேன். புகைப்புரையில் மைனியின் பேப்பருக்கென்று அண்ணன் ஒரு கம்பைத் தனியாக ஒதுக்கியிருக்கிறான். ரப்பர் ஷீட்டுக்கு அதில் இடம் கிடையாதாம். "ஷீலா, லைட்டா போதுமா, ஸ்ட்ராங்கா வேணுமா?" என்று டீ போடுகிறவன்போல் உள்ளே இருந்து கேட்கிறான். ஹாலில் பிஸ்கட் டின் திறந்தே கிடந்தது. மூடியைக் காணோம். தேடினேன்.

அண்ணன் கையில் இருந்தது... அதில்தான் சிரட்டைத் தணலை அள்ளிக்கொண்டிருந்தான்.